கிராணியின் பேனா

மாமாவுக்கு நுரையீரல் புற்றுநோய். செல்லை வளரச் சொல்லும் இஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம், அதை அடக்கத் தினம் ஒரு ஒசிமெர்டினிப் மாத்திரை. "கட்டி சுருங்கிடுச்சுல்ல, அப்புறம் எப்படிம்மா திரும்பி வரும்?" என்று மலேசியாவில், சுங்கை சிப்புட் வீட்டு முன்னாலுள்ள ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து கேட்டார்.

பால்மரம் வெட்டியவராச்சே, ரப்பர் தோட்டத்துக் கணக்கிலேயே சொன்னேன். மரபணு ஆபீஸ் பேரேடு. அதைப் பார்த்து, செல்லுக்கான வேலை உத்தரவாக ஆர்என்ஏ சீட்டு எழுதுபவர் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். மாத்திரை ஒரு வாசலை அடைத்தால், பிழைத்த செல்கள் புதுச் சீட்டு எழுதி வேறு வாசலைத் திறந்துகொள்ளும். அந்தச் சீட்டு எழுத உதவுவது சிடிகே7 என்ற நொதி; அதைத் தடுக்கும் மருந்து கிராணியின் பேனாவையே பிடுங்கிவிடும். இந்த இரண்டு வகை மருந்தையும் சேர்த்தபோது, ஆய்வுக்கூடச் செல்களிலும் எலிகளிலும் கட்டி தப்பிப்பது குறைந்தது. மாமாவுக்கு இப்போதைக்கு மாத்திரை மட்டும்தான்.

தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "பேனாவைப் பிடுங்கினா நல்ல செல்லுக்குச் சம்பளச் சீட்டு யாரு எழுதுறது?"

சரியான கேள்வி. அந்த மருந்துகளின் பெரிய தலைவலியே அதுதான்.