எட்டு குழிக்கு இவ்வளவு காசா?

டெல்டாவுல யார் கையில நாலு காசு சேந்தாலும் முதல்ல வர்ற நெனப்பு திருச்சியில ஒரு மனை வாங்கிப் போடணும்ங்கிறதுதான். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சு. சிங்கப்பூர்லேருந்து வர்ற புள்ள இறங்குற ஏர்போர்ட்டு அங்க இருக்கு, காலேஜு அங்க, பெரிய ஆஸ்பத்திரி அங்க. தஞ்சாவூர்ல எவ்வளவுதான் கட்டடம் வந்தாலும் "டவுனுக்கு வந்துட்டோம்"ங்கிற நெனப்பு நமக்கு மலைக்கோட்டையப் பாத்தாதான் வருது, என்னமோ போங்க. எங்க வீட்டுக்காரருக்கு துவாக்குடி பக்கம் ஃபேப்ரிகேஷன் கம்பெனியில வேலை, கல்யாணம் ஆனதுலேருந்து வாடகை வீடுதான், இப்பதான் திருவெறும்பூர் தாண்டி ஒரு மனை கிரயம் முடிச்சோம். அதுக்குள்ள பாத்ததையும் கேட்டதையும் எழுதி வச்சிட்டா தேடுறவங்களுக்கு ஆகும்னு தோணுச்சு.

திருச்சி எல்லா ஆளும் இருக்கிற ஊரு. பாலக்கரை, மேலப்புதூர் பக்கம் கிறிஸ்தவங்க, நத்தர்வலி தர்காவச் சுத்தி முஸ்லிம்கள், ஆத்துக்கு அந்தாண்ட ஸ்ரீரங்கம். பொன்மலையில ரயில்வே குடும்பங்க, அங்க இருக்கிற ரயில்வே ஒர்க்‌ஷாப்பே நம்ம நாகப்பட்டினத்துல இருந்ததுதான், 1920-கள்ல இங்க கொண்டுவந்துட்டாங்க. 60-கள்ல மத்திய அரசோட பெல் (BHEL) கம்பெனி வந்தப்ப கேரளா, ஆந்திரா, வடக்கேருந்துலாம் ஆளுங்க வந்து இங்கயே தங்கிட்டாங்க. கொட்டப்பட்டுல இலங்கைத் தமிழர் முகாம். ஒரே டவுன் பஸ்ல ஏறி இறங்குனா இத்தனை பேரையும் பாத்துடலாம். ஆனா ஊருதான் எல்லாருக்கும், தெரு அப்படி இல்ல. இத வாடகைக்கு வீடு தேடுறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம்.

யாரும் நேரா கேக்க மாட்டாங்க. "சொந்த ஊரு எதும்மா?"ம்பாங்க, சொன்னா "ஓ அந்த ஊரா, ஊர்ல எந்தத் தெரு?"னு அடுத்த கேள்வி வரும், தெருவச் சொன்னா எல்லாத்தையும் சொன்ன மாதிரிதான், அது கேக்குறவங்களுக்கும் தெரியும் நமக்கும் தெரியும். அப்பறம் "கவிச்சி சமைப்பீங்களா?". எங்க வீட்டுக்காரரோட வேலை பாக்குற ஒரு முஸ்லிம் நண்பருக்கு இந்த ரெண்டு கேள்வி கூட கிடையாது, டு-லெட் போர்டு வாசல்லயே தொங்கும், பேரச் சொன்னதும் "நேத்துதாங்க அட்வான்ஸ் வாங்கிட்டோம்". மனை வாங்கப் போனா இந்த நோண்டல் கொறச்சல், காசு பேசிடும். ஆனா ஒரு புரோக்கர் அண்ணன் எங்ககிட்ட எதுவுமே கேக்காம "நல்ல ஏரியாம்மா, சுத்தி பூரா நம்ம ஆளுங்கதான்"னாரு. எந்த நம்ம ஆளுங்கனு நானும் கேக்கல. வர்றவங்க எல்லார்கிட்டயும் அதே டயலாக்தான் விடுவாருனு நெனக்கிறேன்.

ஆள இவ்வளவு நோண்டுற ஊர்ல மண்ண யாரும் நோண்டுறது இல்லங்கிறதுதான் எனக்கு ஆச்சரியம். நிலத்துக்கும் சொந்த ஊரு, பூர்வீகம்லாம் இருக்கு. தாய்ப்பத்திரத்துலேருந்து ஒன்னு விடாம கைமாறுன வரிசை, வில்லங்கம், பட்டா, எஃப்எம்பிங்கிற நில அளவை வரைபடம், எல்லாத்துக்கும் மேல கிராமத்து நிலக் கணக்கான ஏ-ரிஜிஸ்டர். அதுலதான் அந்த சர்வே நம்பர் நஞ்சையா புஞ்சையா, இல்ல வாய்க்கால் புறம்போக்கா, ஏரி நிலமானு இருக்கும். நெறைய எடம் காட்டுறப்ப பல பேரு பேர்ல சேந்து இருக்கிற கூட்டுப்பட்டாவா இருக்கும், "ரெஜிஸ்டர் ஆனதும் தனிப்பட்டா போட்டுக்கலாம்"னு சொல்லுவாங்க, எனக்கென்னமோ அதுல நம்பிக்கை வரல, அப்படிப்பட்டதெல்லாம் விட்டுட்டோம்.

விலை கம்மியா ஒரு மனை வந்துச்சுன்னா அப்ரூவல் இருக்கானு முதல்ல கேளுங்க. 2016 செப்டம்பர்ல ஐகோர்ட்டு அங்கீகாரம் இல்லாத மனைங்கள பதியக்கூடாதுனு தடை போட்டுச்சு, அப்பறம் 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி மனையா பதிஞ்சிருந்தா திரும்ப கைமாத்தலாம்னு தளர்த்துனாங்க. ஆனா வரன்முறைப்படுத்தாத, அதாவது பின்னாடியாவது அங்கீகாரம் வாங்காத மனைக்கு பிளான் பாஸ் ஆகாது, பேங்க்ல லோனும் தரமாட்டாங்க. "பதிவு ஆகும்"னு சொல்றதும் "வீடு கட்டலாம்"னு சொல்றதும் ஒன்னு இல்ல, புரோக்கருங்க முதல்லதோட நிறுத்திக்குவாங்க.

ஸ்ரீரங்கத்துல வாங்கணும்னு எங்க அத்தைக்கு ஆசை, தெனம் பெருமாளப் பாக்கலாம்ல. அங்க அடிமனை விவகாரம், கட்டடம் நம்மளது தரை கோயிலோடதுங்கிற வழக்கு வருசக்கணக்கா ஓடுது. கும்பகோணம், மாயவரம் ஆளுங்களுக்கு இது புதுசு இல்ல, கோயில் மனையிலயும் மடத்து மனையிலயும் தரை வாடகை கட்டிக்கிட்டு மூணு தலைமுறையா இருக்கிறவங்க எத்தனை பேரு. லோன் போட்டு வாங்குற எங்களுக்கு அது சரிப்படாதுனு அத்தைக்கு சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

தண்ணி விசயத்துக்கு வருவோம், இதுல எங்கப்பாதான் ஆளு. நாங்க லேஅவுட் மேப்ப வச்சிக்கிட்டு ரோடு 30 அடியா, தெருக்குத்தானு பாத்துக்கிட்டு நிக்கிறோம், அப்பா வேலி ஓரமா போயி செடியப் பாக்குறாரு. கோரையும் சம்பையும் நெய்வேலி காட்டாமணக்கும் முளைச்சுக் கெடந்தா அங்க தண்ணி நிக்கிதுனு அர்த்தம், "ஏம்மா, இது வயல்கூட இல்ல, வடிகால்"னு ஒரே வார்த்தையில ஒரு எடத்த முடிச்சிட்டாரு. அப்பறம் டீக்கடையில ஒக்காந்து வயசானவங்களாப் பாத்து "2005-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"னு ஆரம்பிச்சுடுவாரு. அந்த வருசம் காவேரி மட்டும் இல்ல, தெக்கேருந்து வந்த கோரையாறும் சேந்துதான் ஊருக்குள்ள பூந்துச்சு. திருச்சியில வெள்ளம்னா எல்லாரும் காவேரிக்கரைய நெனப்பாங்க, மணப்பாறை, விராலிமலை பக்கம் மழை அடிச்சா கோரையாறும் குடமுருட்டியும் பண்ற வேலைய நெனைக்க மாட்டாங்க.

பஞ்சப்பூர்ல புது பஸ் ஸ்டாண்டு 2025-ல தொறந்ததுலேருந்து அந்தப் பக்கம் விலை ஏறுன ஏத்தத்துல, ஆறு பக்கத்துல ஓடுதுங்கிற பேச்சே காணாமப் போச்சு. அங்க வாங்கக் கூடாதுனு சொல்லல, மேடா பள்ளமானு ஒரு மழை நாளைக்குப் போயி நின்னு பாருங்கனுதான் சொல்றேன். ஊருக்குள்ள உய்யக்கொண்டான் வாய்க்காலும் இதே மாதிரிதான். சோழர் காலத்து வாய்க்கால், பேட்டைவாய்த்தலையில காவேரிய விட்டுப் பிரிஞ்சு, ஊர் நடுவுல பூந்து வாழவந்தான்கோட்டை ஏரிக்குப் போவுது, அதுல பாஞ்ச வயலுங்கதான் இன்னைக்குப் பாதி நகர்.

காசு கணக்கு. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், முன்னாடி இந்தக் கட்டணம் 4 இருந்துச்சு, 2023-ல கொறச்சுட்டு, அரசாங்கம் நிலத்துக்குப் போட்டிருக்கிற கைடுலைன் மதிப்ப ஏத்திவிட்டாங்க, அதனால பெருசா லாபம்னு சொல்ல முடியாது. 2025 ஏப்ரல்லேருந்து பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா ஒரு சதவீதம் கம்மி, ஆனா 10 லட்சத்துக்குள்ள இருக்கிற சொத்துக்குத்தான். எங்க மனை 24 லட்சம், என் பேர்லதான் போட்டோம், சலுகை கெடைக்கல. 2 லட்சத்து 16 ஆயிரம் இதுக்கே போச்சு, புரோக்கர் கமிஷன், பத்திரம் எழுதுன கூலி தனி.

1200 சதுர அடினு சொன்னப்ப அப்பா மனசுக்குள்ளயே 144-ஆல வகுத்துட்டாரு. எங்க பக்கம் ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, இருவது மா ஒரு வேலி. "எட்டு குழி சொச்சம் வருது, இதுக்கு இருவத்திநாலு லட்சமா? ஊர்ல நாலஞ்சு மா நஞ்சையே வாங்கலாமே"ன்னாரு. அவருக்கு பதில் சொல்ல எங்கிட்ட எதுவும் இல்ல. நஞ்சை வாங்குனா மேட்டூர்ல எப்ப தொறப்பாங்கனு பாத்துக்கிட்டு ஒக்காரணும்ப்பானு எங்க அண்ணன்தான் சொன்னான், அதுக்கு அப்பா திட்டுன திட்டு இங்க எழுத முடியாது.

இப்ப பிளான் பாஸுக்குக் கொடுத்திருக்கோம். அடுத்து தண்ணிக்கு போர் போடணும், அக்கம்பக்கம் கேட்டா ஆளுக்கு ஒரு ஆழம் சொல்றாங்க, அடியில பாறை வேற. காட்டூர், திருவெறும்பூர் பக்கம் சமீபத்துல யாராச்சும் போர் போட்டிருந்தீங்கன்னா எத்தனை அடியில தண்ணி வந்துச்சு, குடிக்கிற மாதிரி இருக்கா இல்ல உப்பானு சொல்லுங்க.