பழைய பஜெரோவுக்கு ஒரு கெரியர்

மே 11, சனி

இந்த முறை கதிர்காமப் பாத யாத்திரைக்காரருக்கு, வழியில் உகந்தை முருகன் கோயிலடியில், ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. கிடாரம், அகப்பை, அரிசி, தறப்பாள், பாய், தண்ணீர்க் கேன் என்று எல்லாவற்றையும் ஏற்றினால் எங்கள் பஜெரோ ஜீப்புக்குள் ஆள் ஏற இடமில்லை. ஆகவே கூரைக்கு மேலே சாமான் கட்ட ஒரு கெரியர் வேண்டும்.

வண்டி 1982இல் வந்த அந்த முதல் வடிவம், நீளச் சேஸி. கூரையின் இரண்டு கரையிலும் மழைத்தண்ணீர் வடிகிற பீலி இருக்கிறது. இப்போதைய வண்டிகளில் பீலியைக் காண்பதே அரிது, ஒவ்வொரு மொடலுக்கும் அதற்கென்று செய்த கெரியர்க் கால் தேடித் திரிய வேண்டும். பீலி இருந்தால் கூரையில் ஒரு ஓட்டையும் போடாமல் கவ்விப் பிடிக்கலாம்.

மச்சான் போனில் ஒரு படம் அனுப்பினார். கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் யாரோ விற்கிற பழைய கெரியர், முன்கண்ணாடியிலிருந்து பின்கதவு வரை நீளம், நாலு பக்கமும் ஒரு முழ உயரத்துக்கு வேலி, ஏணி, முன்னுக்கு லைட் பூட்ட இடம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அதிலிருந்து பழைய ஜீப்புக்கும் அதன் சாமானுக்கும் நகைக்கடை விலையாகிவிட்டது, இதுவும் அப்படித்தான். விலையை விடுங்கள், எடை எவ்வளவு என்று கேட்டேன். "ரெண்டு பேர் தூக்கலாம்" என்று பதில் வந்தது. அதோடு அதை விட்டுவிட்டேன்.

மே 14, செவ்வாய்

கெரியர் என்றதும் எல்லாரும் எவ்வளவு ஏற்றலாம் என்றுதான் கேட்கிறார்கள். கூரை தாங்கும் எடை என்று வண்டிப் புத்தகத்தில் போடுவது ஓடும்போது தாங்குகிற எடை, கெரியரின் சொந்த எடையும் அதற்குள்தான் வரும். நின்ற வண்டியின் கூரையில் ரெண்டு பேர் ஏறி நிற்கலாம், ஒன்றும் ஆகாது. உகந்தைக்குப் போகிற வழியில் பானமை தாண்டி மண் ரோட்டில் குழிக்குள் இறங்கி ஏறும்போது அதே சுமை கூரையைப் பல மடங்கு பலத்தோடு இடிக்கும். பாரமான கெரியர் வாங்கினால் பாதி அளவைக் கெரியரே சாப்பிட்டுவிடும்.

இரவு கணக்குப் பார்த்தேன். 25 மில்லிமீற்றர் சதுர இரும்புப் பொக்ஸ் பார், அதாவது உள்ளே வெற்றான சதுரக் குழாய், 1.5 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் ஒரு மீற்றர் ஏறக்குறைய 1.1 கிலோ. இருபது அடி நீளத் துண்டு ஒன்று 6.7 கிலோ வரும். 2 மில்லிமீற்றர் தடிப்புக்குப் போனால் அதுவே 8.8 கிலோ. நாலு துண்டு போகும், அதாவது மெல்லியதில் 27, தடித்ததில் 35, கால்கள் தனி.

அலுமினியம் இதில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். ஆனால் அதை ஒட்டுவதற்கு வேறு மெஷின் வேண்டும், ஒட்டிய இடத்தில் சூட்டில் உரம் குறைந்துவிடும், இடிபட்டு இடிபட்டு அந்த இடத்திலேயே வெடிக்கவும் பார்க்கும். பொத்துவிலுக்கு அங்கால் வெடித்தால் யாரிடம் கொண்டுபோவது? இரும்பென்றால் எந்த ஊரிலும் ஒட்டலாம். சரி, இரும்புதான், மெல்லியதுதான்.

மே 18, சனி

காலையில் ஏணி வைத்து ஏறிப் பீலியைப் பார்த்தேன். கல்லடியில் கடலுக்கு இவ்வளவு கிட்ட நிற்கிற வண்டி, சும்மா நம்ப முடியாது. பீலி என்பது கூரைத் தகடும் பக்கத் தகடும் சேருகிற இடம், அந்த இணைப்பை மூடிப் பசை பூசியிருப்பார்கள். பசை வெடித்தால் தண்ணீர் அதற்குக் கீழே போய் உட்காரும், மேலே பெயிண்ட் மினுங்கிக்கொண்டே இருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டு போனேன். டிக் டிக் என்று வந்த சத்தம் இடது பக்கப் பின்மூலைக்குக் கொஞ்சம் முன்னால் சொத்தென்று மாறியது. பசையைச் சுரண்டினால் உள்ளே பழுப்பு மாவு, ஸ்க்ரூ டிரைவர் நுனி சுகமாக இறங்கியது.

டிங்கரிங் செய்கிற அண்ணன் வந்து பார்த்து, உள்ளங்கை நீளம் வெட்டிப் புதுத் தகடு வைக்கவேண்டும் என்றார். வைத்தாலும் அந்த இடத்தில் கால் வராது. கால்கள் வரவேண்டியது கதவுத் தூண்களுக்கு நேரே மேலேதான். அங்கே ஊன்றினால் பாரம் தூண் வழியாக இறங்கும், தூண்களுக்கு நடுவில் ஊன்றினால் பீலி மட்டும் தாங்கி நாளடைவில் வளையும். பக்கத்துக்கு மூன்று கால் போதும்.

மே 23, வியாழன்

வெசாக். கடைகள் பூட்டு. கொப்பித்தாளில் படம் கீறினேன். வேலி நாலு விரல் உயரம்தான், பாய் நழுவாமல் இருந்தால் சரி. ஏணி இல்லை, பின் டயரில் கால் வைத்து ஏறலாம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மனே, கிடாரம் எதுக்குள்ள வைக்கப் போறாய்?" என்றா. கவிழ்த்து வைத்துக் கட்டலாம் என்றேன். நம்பவில்லை.

மே 28, செவ்வாய்

பட்டறை. வெல்டிங் அண்ணன் படத்தைப் பார்த்ததுமே, "தம்பி, ரெண்டு மில்லிமீற்றர் போடுவம், யானை ஏறினாலும் நிக்கும்" என்றார். யானை ஏறப்போவதில்லை அண்ணே, பாய்தான் என்றேன். சிரித்தார், ஆனாலும் முகத்தில் திருப்தி இல்லை.

ஜி.ஐ. பொக்ஸ் பார்தான், அதாவது நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்புதான் எடுத்தோம், உப்புக் காற்றுக்கு அது நல்லது. ஆனால் அதை அப்படியே ஒட்டக்கூடாது. மேலே பூசியிருக்கிற நாகம் 907 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும், வெல்டிங் நெருப்புச் சூடு அதற்கு எவ்வளவோ மேலே, வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் பின்னேரம் குளிர்காய்ச்சல் வந்தவர்போல் நடுங்க வைக்கும். பால் குடித்தால் பிடிக்காது என்று பட்டறைகளில் ஒரு நம்பிக்கை, இங்கேயும் ஒரு பால் பக்கெற் தயாராக இருந்தது. பால் வயிற்றுக்குப் போகும், புகை நுரையீரலுக்கல்லவா போகிறது. ஒட்டுகிற நுனிகளைக் கிரைண்டரால் தேய்த்து நாகத்தை எடுத்துவிட்டு, வேலையை வெளியே காற்றுப் படுகிற இடத்தில் வைக்கச் சொன்னேன். கொஞ்சம் முணுமுணுத்தார், மறுகா அவரே மற்ற நுனிகளையும் தேய்த்துத் தந்தார். பாலை அவருடைய பையன் குடித்தான்.

தேய்த்த இடங்களில் இனித் துரு பிடிக்கும், ஆகையால் நாகம் கலந்த பெயிண்ட் ரெண்டு பூச்சு. பார்களின் வாயை அடைத்து ஒட்டி, அடிப்பக்கத்தில் சின்ன ஓட்டைகள் துளைத்தோம். எவ்வளவு அடைத்தாலும் உள்ளே ஈரம் சேரும், அது வடிய வழி வேண்டும்.

ஜூன் 1, சனி

பூட்டியாயிற்று. காலுக்கும் பீலிக்கும் நடுவில் லொறி டியூப் துண்டு, கீழிருந்து பிடிக்கிற கொக்கிப் பட்டை, 8 மில்லிமீற்றர் போல்ட், நைலோன் வைத்த நட்டு. டியூப்பைப் பீலியின் அகலத்துக்கு முழுதாக வெட்டினால் தண்ணீர் தேங்கும், ஒரு ஓரம் விட்டுத்தான் வெட்டவேண்டும். கெரியரோடு வண்டி கேற்றுக்குள் போகிறது, மாமரக் கொப்பு ஒன்றுதான் வெட்டவேண்டி வந்தது.

ஜூன் 9, ஞாயிறு

ரெண்டு மண் மூட்டையை மேலே கட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தோம். முதலில் வலையிறவுப் பாலத்தால் படுவான்கரைக்குப் போய்க் கிறவல் ரோட்டில். ஆட்டம் இல்லை, ஆனால் வளைவில் வண்டி வழக்கத்தைவிடச் சரிகிறது, மேலே பாரம் இருந்தால் அது அப்படித்தான். திரும்பி வந்து கல்முனை ரோட்டில் களுவாஞ்சிக்குடி தாண்டியதும் அறுபதில் ஒரு விசில் தொடங்கியது, மச்சான் ரேடியோ என்று நினைத்து அதை நிறுத்தினார். காற்று முன் பாரில் பட்டுச் சீராகச் சுழன்று பிரிவதால் வருகிற சத்தம் அது. கல்லாற்றில் நிறுத்தி, மூட்டை கட்டி மிஞ்சிய நைலோன் கயிற்றை முன் பாரில் இடைவெளி விட்டுச் சுற்றினோம், சுழல் குழம்பிவிட்டது, வீடு வரைக்கும் விசில் இல்லை. கயிறு இனி அதிலேயே இருக்கட்டும்.

வந்ததும் நட்டுகளைப் பார்த்தேன், டியூப் அமுங்கியதில் ரெண்டு கொஞ்சம் இளகியிருந்தது, இறுக்கினேன். மச்சான் காஸ் சிலிண்டரை மேலே போடலாம் என்கிறார். 12.5 கிலோ காஸ், இரும்போடு சேர்த்தால் கிட்டத்தட்ட அதன் இரட்டிப்பு, போடவே முடியாது. சிலிண்டரும் அரிசியும் தண்ணீரும் உள்ளே கீழே, வெறும் கிடாரமும் தறப்பாளும் பாயும் மேலே. அப்படி வைத்தால் வண்டிக்குள் நாலு பேருக்குத்தான் இடம். மச்சான் பஸ்ஸில் பொத்துவிலுக்கு வரட்டும், அங்கே ஏற்றிக்கொள்ளலாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.