சோக்கு சத்தம்

வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராகச் சேர்ந்த இரண்டாம் வருடம் அந்தப் பையன் வந்தான். ஆறு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை; மூளை வளர்ச்சி வேறுமாதிரி அமைவதால் பேச்சும் பழகும் விதமும் மற்ற பிள்ளைகளைப் போல இருக்காது. நாற்காலியில் உட்கார வைத்தால் ஐந்து நிமிடம் தாங்காது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்ச் சுருண்டுகொள்வான். அவனுடைய பதிவேட்டில் மூன்று வாரத்துக்கு என் கையெழுத்தில் ஒரே சொல்தான் இருக்கிறது: அடம்.

ஒருநாள் பகல் 11 மணிக்குக் கரன்ட் போனது. வேர்த்துக்கொட்ட ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பினால், பையன் தானே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருக்கிறான். சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள். நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. 22 மணிகள் கோத்திருந்தான். முக்கால் மணி நேரம் கழித்துக் கரன்ட் வந்தது. ட்யூப்லைட் இரண்டு தடவை மினுக்கிவிட்டு எரிந்தது. அவன் கை காதுக்குப் போனது. லைட்டை மட்டும் அணைத்துப் பார்த்தேன். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கை கீழே இறங்கிவிட்டது. மறுபடி லைட்டைப் போட்டு, ஸ்டூலில் ஏறி ட்யூப்லைட் பட்டியருகே காதைக் கொண்டுபோன பிறகுதான் எனக்கும் கேட்டது. ட்யூப்லைட்டை எரியவைக்கும் பழைய சோக்கு 'ர்ர்ர்' என்று இரைந்துகொண்டிருந்தது.

ஒன்றரை வருடமாக நான் அதற்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் மூளை அதைக் கண்டுகொள்வதைக் குறைத்துக்கொள்ளும். ரைஸ்மில்லை ஒட்டிக் குடியிருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குவது அதனால்தான். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள சிறுவர்களை ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து, காதில் போக்குவரத்து இரைச்சலைக் கேட்கவிட்டு, கையில் கம்பளித் துணியால் உரசிப் பார்த்தார்கள். புலன் கூச்சம் அதிகமாக உள்ள பிள்ளைகளிடம், மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி அவ்வளவு சுலபமாக அடங்கவில்லை. நமக்குப் பழகிப்போகிற சத்தம் அவர்களுக்கு அவ்வளவு சுலபமாகப் பழகுவதில்லை. இதைப் படித்த ராத்திரி அந்த 'அடம்' என்ற சொல் என் கண்முன்னே நின்றது. அதைவிட, "மிஸ் முகத்தைப் பாரு" என்று எத்தனை தடவை அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தியிருப்பேன். ஆட்டிசம் உள்ளவர்களைக் கண்ணைப் பார்க்கக் கட்டாயப்படுத்தினாலும் இதே அமிக்டலா வட்டாரம்தான் மிதமிஞ்சி வேலை செய்கிறது என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அன்றோடு தாடையைத் தொடுவதை விட்டேன்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். எங்கள் மையத்திலேயே இன்னொரு சிறுமி, மிக்ஸி ஓடினால் ஓடிப்போய் அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொள்வாள்.

அவன் தெளிவாகச் சொன்ன வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." ஸ்டேஷன் குரலின் அதே இழுப்போடு சொல்வான். அர்த்தமில்லாமல் திரும்பச் சொல்கிறான் என்று நினைத்துப் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தேன். அவன் அம்மாதான் போகிறபோக்கில் சொன்னார்: "ஆச்சி வீட்டுக்கு ரயில்லதான் போவோம் டீச்சர்." அதற்கப்புறம் நேரம் குறித்துவைத்துப் பார்த்தேன். வேலை அலுத்துப்போனாலும், வாசலில் அம்மாவின் செருப்பைக் கண்டாலும் அந்த வாக்கியம் வந்தது. கிளம்பலாம் என்கிறான்!

1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்துக்கு மருத்துவத்தில் இடம் வாங்கித் தந்த மனநல மருத்துவர் லியோ கானர், 1946-இல் இதையே எழுதியிருக்கிறார். ஒரு பையன் எதையாவது வீசியெறியத் தோன்றும்போதெல்லாம் "நாயை மாடியிலிருந்து போடாதே" என்பானாம். முன்பு பொம்மை நாயை மாடியிலிருந்து எறிந்துகொண்டிருந்தபோது அவன் அம்மா சொன்ன வார்த்தை அது. அடுத்த தடவை எங்கள் பையன் அந்த ரயில் அறிவிப்பைச் சொன்னதும், "சரி, கிளம்பலாம்" என்று பையை எடுத்துக் கொடுத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பையை வாங்கி மாட்டிக்கொண்டு, என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடந்தான்.

ஒருநாள் அவன் அம்மா கேட்டார்: "நாந்தான் காரணமா டீச்சர்? ஃபோனக் குடுத்து கெடுத்துட்டேன்னு எங்க மயினி சொல்லுதாவ."

பாசம் காட்டாத தாயால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வருகிறது என்று அமெரிக்காவில் டாக்டர்களே நம்பிய காலம் உண்டு. எத்தனை தாய்மார் அந்தப் பழியைச் சுமந்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. 1977-இல் பிரிட்டனில், ஒருவருக்காவது ஆட்டிசம் உள்ள 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த, அதாவது ஒரே பரம்பரைக் கூறுகள் கொண்ட 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. பரம்பரைக்கும் மூளை வளர்ச்சிக்கும் உள்ள பங்கு அங்கிருந்துதான் தெளிவாகத் தொடங்கியது. இதை என்னால் முடிந்த மட்டும் எளிமையாகச் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத மயினிகிட்ட நீங்களே ஒருக்க சொல்லுவியளா?" என்று கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். மயினி குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார். கொஞ்ச நேரம் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப குக்கர் விசிலடிச்சா கொல்லைக்கு ஓடுதானே, அதுவும் இதாலதானா?"