கால்களில் தங்கிய துக்கம்

கேட் டிகமிலோவின் 'த டைகர் ரைசிங்' (2001) நாவலைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப்போகிறீர்களா? முதலில் நீங்கள் முழுசாகப் படித்துவிடுங்கள். கடைசியில் புலி சாகிறது, சுடுவது கதையில் வரும் பையனின் அப்பா.

ராப் என்ற பையனின் அம்மா புற்றுநோயில் இறந்துவிட்டாள். அதற்குப் பிறகு அப்பா அவள் பெயரைச் சொல்வதே இல்லை, மகனை அழவும் விடுவதில்லை. பையனின் கால்களில் அரிப்பு, தடிப்பு. களிம்பு பூசியும் ஆறவில்லை. துக்கம் கால்களில் தங்கிவிட்டது, நெஞ்சுக்கு ஏறவிடு என்கிறார் அவர்கள் குடியிருக்கும் மோட்டலைச் சுத்தம் செய்யும் வில்லி மே. புத்தகத்தின் உயிரே அந்த இடம்தான், அவசரமாகத் தாண்டாதீர்கள்.

"புலி எதற்குக் குறியீடு?" என்று கேட்டால் வாசிப்பு பரீட்சையாகிவிடும். ராப்பின் பள்ளித் தோழி சிஸ்டைன் ஏன் எல்லோரோடும் சண்டை போடுகிறாள் என்று கேளுங்கள், தானாகப் பேச ஆரம்பிப்பார்கள். அப்பாவின் வாயிலிருந்து 'கரோலின்' என்ற அம்மாவின் பெயர் வரும் பக்கத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள்.