தீபாவளிக்கு மேய்ச்சல் கிடா வாங்குவதென்றால்

மேய்ச்சல் ஆடா, கொட்டிலில் அடைத்துத் தீவனம் போட்டு வளர்த்ததா என்று வியாபாரியிடம் கேட்பதைவிட குளம்பைப் பாருங்கள். சேர்வராயன் மலை அடிவாரக் கரட்டில் தினமும் ஏறி இறங்கும் ஆட்டுக்குக் குளம்பு தேய்ந்து மட்டமாக இருக்கும். கொட்டில் ஆட்டுக்கு, வெட்டி விடாவிட்டால், நுனி நீண்டு வளைந்துவிடும். கீழ் இமையை விரலால் இழுத்தால் உள்பக்கம் சிவந்திருக்க வேண்டும். வெளுத்திருந்தால் குடற்புழு ரத்தத்தைக் குடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மழைக்குப் பிந்தைய ஈரப்புல் மேய்ச்சலில் இது சகஜம் என்பதால் ஐப்பசியில் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு பல் போட்ட கிடா, அதாவது ஒரு வயதைத் தாண்டியது, போதும். காயடித்ததாக இருந்தால் வீச்சம் இருக்காது.

கொழுப்பு மஞ்சளாக இருந்தால் புல் தின்ற ஆடு என்பது தவறு. புல்லின் கரோட்டின் மாட்டுக் கொழுப்பில்தான் மஞ்சளாகத் தங்கும். வெள்ளாடு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் எதைத் தின்றாலும் கொழுப்பு வெள்ளைதான். மஞ்சளாகத் தெரிந்தால் காமாலையாகவும் இருக்கலாம், வாங்காதீர்கள். பார்க்க வேண்டியது அளவு. மேய்ச்சல் ஆட்டின் முதுகில் பாலாடை மாதிரி மெல்லிசாகத்தான் இருக்கும்.

சேலம் கருப்பு வெள்ளாடும் கொம்பில்லாத மேச்சேரிச் செம்மறியும் நம் பக்கத்து இனங்கள். குழம்புக்கு முன்னது, பிரியாணிக்குப் பின்னது என்பது எங்கள் தேர்வு. உயிர் எடை 20 கிலோ என்றால் எலும்போடு சுமார் 9 கிலோ கறி நிற்கும். ஆளுக்குக் கால் கிலோ கணக்கிட்டால் பங்கு போடுவது எளிது.

பண்டிகைக் கறி ரப்பராகிப் போவதற்குப் பெரும்பாலும் ஆடு காரணமில்லை, நேரம்தான். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கும். விடியற்காலை வாங்கி ஒன்பது மணிக்குக் குக்கரில் போடும் கறி சரியாக அந்த விறைப்பில் இருக்கிறது. கொழுப்புக் குறைந்த மேய்ச்சல் கறியில் அது இன்னும் தெரியும். முந்தின நாளே வாங்குங்கள். தொடையை வெட்டாமல் முழுசாகக் கேளுங்கள், எலும்போடு இருந்தால் தசை சுருங்க முடியாது. கழுவாமல், பாத்திரத்தில் மூடி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து, காலையில் துண்டு போடுங்கள். ஃப்ரீசர் கூடாது. விறைப்பு வருமுன் கடுங்குளிர் பட்டால் தசை சுருண்டு இறுகிவிடும், பிறகு எத்தனை விசில் விட்டாலும் இளகாது. ஈரலை மட்டும் வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும்.

குக்கரில் முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் 20 நிமிடம். வறுவலுக்கும் இப்படி வேகவைத்த பிறகே எண்ணெயில் போட வேண்டும், பச்சையாகப் போட்டால் தொடைக்கறி காய்ந்து நாராகிவிடும். பப்பாளிக்காய் விழுது சேர்ப்பவர்கள் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். அரை மணிக்கு மேல் ஊறினால் மேற்பரப்பு மட்டும் கூழாகும், உள்ளே அப்படியே இருக்கும்.