ஓட்டத் தெரியாதவர் லாரி வாங்கினால்

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்து லாரி முதலாளிகளில் பலர் கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு சொந்த வண்டி போட்டவர்கள். எந்த மேட்டில் எந்த கியர், எந்த ஊரில் இறக்கத் தாமதமாகும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பழக்கத்திலேயே வந்துவிடும். கையில் பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர் அந்தக் குறையைக் கணக்கால்தான் ஈடுகட்ட வேண்டும். அதனால் ஷோரூமுக்குப் போகும் முன்பே ஒரு தடத்தை எடுத்து, ஒரு நடைக்கு என்ன மிஞ்சும் என்று எழுதிப் பார்ப்பது எங்கள் முறை.

தடம்: சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நாசிக், திரும்பும்போது வெங்காயம். ஒரு வழி சுமார் 1,250 கி.மீ. வண்டி 10 சக்கரம், மொத்த எடை 28 டன், சரக்கு 18 டன். 90 கிலோ மூட்டை என்றால் 200 மூட்டை. வாடகை சந்தையைப் பொறுத்து மாறும். கணக்குக்காகப் போக 75,000, வர 65,000, மொத்தம் 1,40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

செலவில் பெரியது டீசல். உள்ளூர் ஓட்டமும் சேர்த்து 2,600 கி.மீ., லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்தால் 650 லிட்டர். 92 ரூபாய் வீதம் 59,800. பிஎஸ்6 (புதிய மாசு விதிப்படி வந்த) வண்டிக்குப் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் ஆட்ப்ளூ திரவம் டீசலில் 5 சதவீதம் பிடிக்கும், சுமார் 2,000. டோல் 14,000. டிரைவர் சம்பளமும் படியும் 14,000. புரோக்கர் கமிஷன், ஏற்று இறக்குக் கூலி, சில்லறை 8,500. டயரைப் புதியவர்கள் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள். 10 டயர், ஒன்று 22,000, 80,000 கி.மீ. ஓடும் என்றால் கிலோமீட்டருக்கு 2.75 ரூபாய் தேய்கிறது. இந்த நடைக்கு 7,150. எல்லாம் போக மிஞ்சுவது 34,550.

இனி வண்டி நின்றாலும் ஓடினாலும் மாதம் கட்ட வேண்டியவை. 30 லட்சம் கடன், 5 வருடம், 10.5 சதவீதம் என்றால் ட்யூ 64,500. இன்சூரன்ஸ், பர்மிட், காலாண்டு வரி இவற்றின் வருட மொத்தத்தை 12 ஆல் வகுத்தால் 11,000 அளவில் வரும். ஆயில், கிரீஸ், பட்டை (ஸ்பிரிங்), கிளட்ச், பிரேக் லைனிங் வகைக்கு 12,000 ஒதுக்க வேண்டும். ஆக 87,500. மாதம் இரண்டரை நடை ஓடினால் வரவும் செலவும் சரிக்குச் சரி. மூன்று நடை என்றால் 16,000 மிஞ்சும்; இரண்டோடு நின்றால் 18,000 கைக்காசைப் போட வேண்டும். ஒரு நடைக்குப் பத்து முதல் பன்னிரண்டு நாள் ஆவதால், ரிட்டர்ன் லோடுக்காக நாசிக்கில் மூன்று நாள் காத்திருந்தாலே மாத லாபம் போய்விடும். வாடகையில் ஆயிரம் ரூபாய்க்குப் பேரம் பேசுவதைவிட நிற்கும் நாளைக் குறைப்பதில்தான் காசு இருக்கிறது. மூன்று மாத ட்யூவும் ஒரு செட் டயர் காசும் தனியாக இல்லாதவர் முதல் வண்டியை வாங்காமல் இருப்பதே நல்லது.

புதுசா பழசா? ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபின் புது வண்டியின் கணக்கு கொஞ்சம் இலகுவாகியிருக்கிறது. பழசு வாங்குவதானால் நம்பகமான மெக்கானிக்கோடு போய் முதலில் வண்டிக்கு அடியில் பாருங்கள். பட்டை மாட்டும் பிராக்கெட் பக்கத்தில் சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) வெல்டிங் தழும்பு இருந்தால் அதிக பாரம் ஏற்றிய வண்டி. எஞ்சினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது புகை குபுகுபுவென்று தள்ளினால் ரிங், லைனர் வேலை காத்திருக்கிறது. ஆட்ப்ளூ விளக்கு எரிகிறதா, யாராவது பைபாஸ் செய்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்வது மலிவல்ல.

பேப்பரில் பார்க்க வேண்டியவை: பைனான்ஸ் முடிந்ததற்கு என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லாச் சான்று) 35ஆம் எண் படிவமும், நிலுவையில் உள்ள இ-சலான், வரி பாக்கி, எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதி. 8 வருடம் வரை எஃப்.சி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடா வருடம். நேஷனல் பர்மிட் 6 சக்கர வண்டிக்கு 12 வருடம், இரண்டு அச்சுக்கு மேலானதற்கு 15 வருடம் வரைதான். 11 வருட 6 சக்கர வண்டி மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

சேஸிஸ் வாங்கி நாமக்கல் பட்டறையில் பாடி கட்டினால் மூன்று விஷயங்களை முதலிலேயே பேசிவிட வேண்டும். பட்டறை அங்கீகாரம் பெற்றதா, பாடி விதிப்படி கட்டியதற்கான சான்றான 22ஏ படிவம் தருமா என்பது ஒன்று. அந்தப் படிவம் இல்லாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு நடக்காது. அடுத்தது பாடியின் எடை. கனமான இரும்பைப் போட்டு 300 கிலோ கூட்டினால், வண்டி உள்ளவரை ஒவ்வொரு நடையிலும் 300 கிலோ வாடகை குறையும். மூன்றாவது ட்யூ தேதி. பாடி வேலை நடக்கும் வாரங்களில் ட்யூ ஓடத் தொடங்காதபடி பைனான்ஸிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூனில் அறிவித்தபடி 20 முதல் 40 டன் வரையிலான வண்டிக்கு 43,950 ரூபாய், வரி தனி. பேரம் சொந்தச் சேதப் பகுதியில்தான். சேஸிஸ் விலைக்கு மட்டும் பாலிசி போட்டு, பாடி மதிப்பைச் சேர்க்க மறந்தால், கவிழ்ந்த வண்டியின் பாடிக்கு ஒரு பைசா வராது. விளக்கு, பம்பர், மட்கார்டு, பெயின்ட் இவற்றுக்கு ஐஎம்டி 23 என்ற சேர்க்கை தனியாக வேண்டும். சம்பள டிரைவருக்கான சேர்க்கை வெறும் 50 ரூபாய். அதை விடவே கூடாது. ஏற்றிய சரக்கு இந்தப் பாலிசியில் வராது.

நேஷனல் பர்மிட்டுக்கு வருடம் 16,500 ரூபாயும் சொந்த மாநிலக் கட்டணம் 1,000 ரூபாயும்.

லோடு புக்கிங் ஆபீஸ் மூலம்தான் வரும். ஏற்றும் இடத்தில் வாடகையில் பெரும்பகுதி அட்வான்ஸ். மிச்சம், சரக்கு வாங்கியவர் கையெழுத்திட்ட எல்.ஆர். (லாரி ரசீது) காப்பி திரும்பி வந்தபிறகு. அந்தக் காப்பியை டிரைவர் தொலைத்தால் பாக்கியும் தொலைந்தது. இறக்கிய இடத்திலேயே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அசலைக் கூரியரில் போட வைக்க வேண்டும். ஹால்டிங் (வண்டி காத்து நிற்பதற்கான கட்டணம்) எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு, நாளுக்கு எவ்வளவு, இறக்குக் கூலி யார் தலையில் என்பதை லோடு ஏறும் முன் செல்போனில் எழுத்தாக வாங்குங்கள். மகாராஷ்டிராவில் 'வாராய்' என்று டிரைவரிடம் இறக்குக் கூலி கேட்பார்கள். பேசாமல் போனால் அது உங்கள் செலவுதான்.

ஜவ்வரிசிக்கு எதிரி தண்ணீர். தார்ப்பாயில் விரல் நுழையும் ஓட்டை போதும், நனைந்த மூட்டைகளின் விலையை வாடகையில் பிடிப்பார்கள். வெங்காயத்துக்கு நேர்மாறு: இறுக்கி மூடினால் வெந்து அழுகும், பக்கவாட்டில் காற்றுப் போக விட வேண்டும். இரண்டிலும் எடைமேடைச் சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும். "ரெண்டு டன் கூட ஏத்திக்கலாம்ணே, வழியில ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று புரோக்கர் சொல்வார். சட்டப்படி அபராதம் 20,000, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000, ஆக 24,000. அந்த இரண்டு டன்னை அங்கேயே இறக்கியும் வைக்க வேண்டும்.

சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லின் கெடு 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்பதால் நாசிக்குக்கு ஏழு நாள் கிடைக்கும். வண்டி வழியில் படுத்தால், கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் பின்புவரை நீட்டிக்கலாம். டிரைவர் உடனே போன் செய்தால்தான் இது நடக்கும்.

டீசல் திருட்டு பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். புறப்படும்போது டேங்க் முழுக்க, திரும்பி வந்ததும் அதே பங்க்கில் மறுபடி முழுக்க, நடுவில் கார்டில் மட்டும்: இவ்வளவு செய்தாலே நடைக்கு நடை மைலேஜ் தெரியும். ஆனால் மைலேஜுக்குப் போனஸ் வைக்காதீர்கள். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது பழைய பழக்கம். கியர் இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கிலேயே விழும். டிரம் சூடேறிப் பிடிக்காது. எஞ்சினையும் அணைத்தால் ஏர் டேங்கில் காற்றும் ஏறாது. அங்கே நடந்த விபத்துகள் ஊரறிந்தவை. போனஸ் தருவதானால் சரக்குச் சேதமில்லாமல் எல்.ஆர். காப்பி கொண்டுவந்ததற்குத் தரலாம்.

வரி விஷயத்தில் மாதச் சம்பளக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 10 வண்டி வரை வைத்திருப்பவருக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏஇ பிரிவில் வந்த முறைப்படி, 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று எடுத்துக்கொள்வார்கள். 28 டன்னுக்கு வருடம் 3,36,000. வண்டி பட்டறையில் நின்ற மாதமும் இதில் சேரும், கடன் வட்டியைத் தனியாகக் கழிக்க முடியாது. அது உங்கள் சம்பளத்தோடு கூடும். நஷ்டத்தைக் காட்ட விரும்பினால் முறையான கணக்குப் புத்தகமும் தணிக்கையும் வேண்டும். புக்கிங் ஆபீஸில் பான் எண்ணோடு உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டால் டிடிஎஸ் பிடிக்க மாட்டார்கள். சொந்தப் பெயரில் எல்.ஆர். புத்தகம் அச்சடிக்கும் ஆசையை மட்டும் கொஞ்ச காலம் தள்ளிப் போடுங்கள், எல்.ஆர். போடாமல் வண்டியை ஆபீஸுக்கு வாடகைக்கு விடும்வரை உங்களுக்கு ஜிஎஸ்டி வேலை இல்லை.