ஈசிஎம் மாற்றிய கதை: அளந்து பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

"சிஸ்டத்துல நோ கம்யூனிகேஷன்னு வருது சார். ஈசிஎம் போயிடுச்சு, மாத்தணும்." கம்பெனி சர்வீஸ் சென்டரில் அட்வைசர் சொன்னது இவ்வளவுதான். ஈசிஎம் என்பது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்; ஸ்கேனரால் அதோடு பேச முடியவில்லை என்பதுதான் 'நோ கம்யூனிகேஷன்'. கையோடு ஒரு எஸ்டிமேட்டும் நீட்டினார். புது ஈசிஎம், புரோகிராமிங், லேபர் எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய். முழுத் தொகையும் முன்பணமாகக் கட்ட வேண்டும். எலெக்ட்ரிக்கல் சாமான் என்பதால் ஆர்டர் போட்ட பிறகு ரிட்டர்ன் கிடையாது.

"சரி, புதுசு போட்டும் ஸ்டார்ட் ஆகலைன்னா?" என்று கேட்டேன்.

"அப்புறம் வயரிங் செக் பண்ணணும் சார்."

அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. வயரிங்கைப் பார்த்துவிட்டுத்தானே ஈசிஎம்மைக் கை வைக்க வேண்டும்? அறுபதாயிரத்தைக் கட்டச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு வயரைப் பார்ப்பேன் என்றால் என்ன நியாயம்?

வண்டி 2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக். லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் இன்ஜினில் ஒரு குறை கிடையாது. கோடை தொடங்கியதும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று ஆஃப் ஆக ஆரம்பித்தது. அரை மணி நேரம் ஓரங்கட்டி நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பும். கடைசியில் செல்ஃப் மட்டும் அடித்தது, ஸ்டார்ட் ஆகவில்லை. டோ வண்டியில் ஏற்றித்தான் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன்.

இதே தொல்லையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பியதும், செல்ஃப் அடிக்கும் முன்பே, டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். அது எரியவே இல்லையென்றால் பெரும்பாலும் ஈசிஎம் விழிக்கவில்லை என்று அர்த்தம். ஆனால் விழிக்காததற்கு ஈசிஎம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதற்குச் சாப்பாடு, அதாவது கரன்ட், போகாமலும் இருக்கலாம்.

ஸ்கேனர் மாட்டும் 16 பின் கப்ளரில் 16-வது பின் பேட்டரி சப்ளை; 4, 5 எர்த்; 6, 14 கேன் லைன், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வயர் ஜோடி. ஃப்யூஸ் போனாலும், மெயின் ரிலே போனாலும், எர்த் துருப்பிடித்தாலும், கேன் வயரை எலி கடித்தாலும், ஏதோ ஒரு சென்சார் ஷார்ட் ஆகி, சென்சார்களுக்கு ஈசிஎம் கொடுக்கும் 5 வோல்ட்டை இழுத்துக் கீழே தள்ளினாலும் ஸ்கேனரில் வருவது அதே 'நோ கம்யூனிகேஷன்'தான். அதை மட்டும் வைத்து ஈசிஎம் போச்சு என்று யாராவது சொன்னால், "சப்ளை, எர்த், 5 வோல்ட் மூணும் அளந்தீங்களா? எவ்வளவு வந்துச்சு?" என்று கேளுங்கள். எனக்கு எந்த எண்ணும் கிடைக்கவில்லை. அளந்திருந்தால்தானே சொல்வதற்கு.

வண்டியை வெளியே எடுப்பது தனிப் போராட்டம். இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜ் 1,200 கட்டினால்தான் கேட் பாஸ். கழற்றிய ஈசிஎம்மைத் திருப்பி மாட்டாமல் டிக்கியில் போட்டிருந்தார்கள். எஸ்டிமேட்டின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது: மாற்றிய பழைய பாகம் கம்பெனிக்குப் போய்விடும். அதில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய ஈசிஎம் செத்ததாகவே இருந்தாலும் அதற்குள் உங்கள் வண்டியின் சேஸிஸ் நம்பர், சாவியின் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விவரம், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் கோட் நம்பர்கள் எல்லாம் இருக்கின்றன. அது கையை விட்டுப் போனால் அப்புறம் அவர்கள் சொன்னதுதான் விலை.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இருக்கும் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனைப் பற்றி எனக்குத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். டோ வண்டியில் அங்கே போனேன். அந்த அண்ணன் முதலில் ஸ்கேனரைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரும் ஒரு டெஸ்ட் லேம்ப்பும்தான் கையில்.

பேட்டரி 12.6 வோல்ட், நன்றாக இருந்தது. ஃப்யூஸ்களைக் கண்ணால் பார்க்காமல் ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தார். அடுத்து ஈசிஎம் கப்ளரில் சப்ளை. அங்கே அவர் காட்டிய ஒன்றை நான் மறக்க மாட்டேன். "மீட்டர்ல 12 காட்டுதுன்னு நம்பிடக் கூடாது தம்பி. வயருக்குள்ள ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 காட்டும். லோடு குடுத்தாத்தான் வண்டவாளம் தெரியும்" என்று சொல்லி, அதே பின்னில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. சப்ளை சரி.

எர்த்தில்தான் முதல் கோளாறு சிக்கியது. மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், இன்னொன்று ஈசிஎம்முக்குப் போகும் எர்த் வயரில். என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது ஒரு வோல்ட்டைத் தாண்டியது. பேட்டரி ட்ரேயைக் கழற்றிப் பார்த்தால், பல எர்த் வயர்கள் சேரும் அந்த போல்ட் துருவேறி உப்பிப்போய் இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயர் முனையில் இருக்கும் லக்கை மாற்றி, வாசலின் தடவி முறுக்கினார். டிக்கியில் கிடந்த ஈசிஎம்மையும் திரும்ப மாட்டினார். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது! எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "சூடான பிறகு என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். இது பாதிதான்" என்றார்.

அவர் சொன்னபடியேதான் ஆனது. வெயிலில் ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு திரும்பவும் நின்றது. ஆனால் இந்த முறை பழுது கையோடு இருக்கும்போதே அளக்க முடிந்தது. சென்சார்களுக்கு ஈசிஎம் கொடுக்க வேண்டிய 5 வோல்ட், 1.1 ஆகக் கிடந்தது. ரெயில் பிரஷர் சென்சார், மேப் சென்சார், ஈஜிஆர், ஆக்சிலரேட்டர் பெடல் என்று ஒவ்வொரு கப்ளராகக் கழற்றினார். ஏதாவது ஒன்றைக் கழற்றும்போது 5 திரும்பி வந்தால் அந்த சென்சார்தான் குற்றவாளி, சில ஆயிரத்தில் வேலை முடிந்துவிடும். வரவில்லை. ஈசிஎம்மின் இன்ஜின் பக்கக் கப்ளரையே கழற்றிவிட்டு ஈசிஎம் பின்னிலேயே அளந்தார். அப்போதும் 1.1. பேட்டரியைக் கழற்றி, ஸ்கேனர் கப்ளரில் 6-க்கும் 14-க்கும் இடையே பார்த்தால் 60 ஓம்ஸ், இருக்க வேண்டிய அளவு. கேன் லைனும் சரி. அப்படியானால் பழுது ஈசிஎம்முக்கு உள்ளேதான்.

சர்வீஸ் சென்டர் சொன்னதும் இதைத்தானே என்று கேட்கலாம். வார்த்தை ஒன்றுதான். ஆனால் அவர்கள் சொன்னபடி 62,000-ஐக் கட்டிப் புதிதை மாட்டியிருந்தால், அதுவும் அந்தத் துருப்பிடித்த எர்த்தில்தான் போய் உட்கார்ந்திருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருந்தது. ஈசிஎம் கப்ளரின் ஒரு மூலையில் பின்கள் பச்சை பூத்திருந்தன. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடினால், வைப்பருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் வேப்பஞ்சருகு அடைத்து, மழைத் தண்ணீர் வடியும் ஓட்டை மூடியிருந்தது. நிரம்பி வழிந்த தண்ணீர் வயரிங்கைப் பிடித்துக்கொண்டே கப்ளர் வரை வந்திருக்கிறது. சர்வீஸ் சென்டரில் வருஷா வருஷம் 'ஜெனரல் செக்கப்' என்று பில்லில் போட்டார்களே, ஒருவர்கூட அந்தத் தட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. மரத்தடியில் வண்டி நிறுத்துபவர்கள் தயவுசெய்து இன்றைக்கே திறந்து பாருங்கள்.

அடுத்தது போர்டு ரிப்பேர் பார்க்கும் தம்பி ஒருவர். ஈசிஎம்மின் மூடியைச் சூடுகாட்டிப் பிரித்தார். உள்ளே 5 வோல்ட் உண்டாக்கும் ஐசியைச் சுற்றி அரிப்பு. ஐசியை மாற்றினார், வேலை செய்தது. சூடானதும் மறுபடி செத்தது. போர்டின் உள் அடுக்கு வரை அரிப்பு இறங்கிவிட்டதால் இதை வண்டியில் மாட்டித் தர மனசு வரவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். "ஆனா குளிர்ச்சியா இருக்கிறப்போ உயிரோட இருக்கு சார். அதுக்குள்ள டேட்டாவை எடுத்துடுவோம்" என்றார்.

போர்டை மேசையில் வைத்து, நேர் எதிரே ஒரு டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, லேப்டாப்பில் ரீட் கொடுத்தார். பாதியைத் தாண்டியதும் ஐசியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு ஃபேனை இன்னும் கிட்டே இழுத்தார். நான் ஸ்க்ரீனைப் பார்க்கவே இல்லை, அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். டேட்டா இருக்கும் மெமரிகளான ஃப்ளாஷ், ஈப்ராம் இரண்டும் முழுதாக வந்தன. இரண்டாம் தடவை ரீட் செய்து முதல் ஃபைலோடு ஒப்பிட்டும் பார்த்தார். வித்தியாசம் இல்லை. பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

இனி வேண்டியது அதே நம்பரில் ஒரு பழைய ஈசிஎம். சென்னையில் அதற்குப் பழைய வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைதான். ஸ்டிக்கரில் உள்ள ஹார்ட்வேர் நம்பரை ஃபோட்டோ எடுத்துப் போனேன். கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும்; மாடல் ஒன்று என்பதால் ஈசிஎம்மும் ஒன்று என்று நினைக்காதீர்கள். முதல் கடையில் நம்பர் அச்சாகப் பொருந்தியது, 9,500 என்றார். "ரன்னிங் வண்டியில கழட்டுனது, நூறு பர்சன்ட் கண்டிஷன்" என்று சத்தியம் செய்தார். கொண்டுவந்து தம்பியிடம் கொடுத்தால், பின்களுக்கு நடுவே டார்ச் அடித்த நொடியே முகம் மாறிவிட்டது. உள்ளே மண் படிந்திருந்தது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் ஈசிஎம்! 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று நமக்கே தெரியும். அவற்றின் சாமான்களும் கழற்றி விற்கப்படுகின்றன என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

திரும்பப் போனால் கடைக்காரர், "எலெக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் எடுக்கிறதில்ல சார்" என்றார். சர்வீஸ் சென்டர் வசனமேதான். நல்லவேளை, வாங்கும்போதே பில்லில் 'டெஸ்டிங் கியாரண்டி' என்று எழுதி வாங்கியிருந்தேன். தம்பியையும் ஸ்பீக்கரில் போட்டேன். நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு பணம் வரவில்லை, வேறொரு ஈசிஎம் வந்தது. இந்தத் தடவை கடையை விட்டு நகரும் முன்பே பின் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூடி ஓரத்து பசை கலையாமல் இருக்கிறதா, ஸ்க்ரூ தலையில் துரு இருக்கிறதா என்றும் பார்த்தேன். பில்லில் சீரியல் நம்பரையும் எழுதச் சொன்னேன். திருட்டு வண்டிச் சாமான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் கையில் இருப்பது அந்த பில் மட்டும்தான்.

பெஞ்சில் சப்ளை கொடுத்ததும் 5 வோல்ட் சரியாக வந்தது. பழையதின் டேட்டாவை இதில் ஏற்றும்போது தம்பி சப்ளையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுதும் நடுவில் கரன்ட் போனாலோ வோல்டேஜ் சரிந்தாலோ நல்ல ஈசிஎம்மும் வீண். வண்டியிலேயே புரோகிராம் செய்பவர்கள் பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டாமல் ஆரம்பிக்க விடாதீர்கள்.

மாட்டுவதற்கு முன் தண்ணீர் வழியை அடைத்தோம். தட்டைச் சுத்தம் செய்து, ஓட்டையைத் திறந்து, கப்ளரில் அரித்த பின்களை மாற்றினோம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஈசிஎம்மை மாட்டினோம். சாவியைத் திருப்பினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது, முதல் செல்ஃபிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. இரண்டு சாவியும் வேலை செய்தன, இம்மொபிலைசர் வாயே திறக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கை தட்டிவிட்டேன். எலெக்ட்ரீஷியன் அண்ணன் அப்போதுதான் சிரித்தார்.

பழையதின் டேட்டாவை அப்படியே நகலெடுத்து க்ளோன் செய்ததால் இன்ஜெக்டர் கோட் நம்பர்களும் அப்படியே வந்துவிட்டன. வெற்று ஈசிஎம் போடுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் பொறித்திருக்கும் கோட் நம்பரை, எந்த சிலிண்டர் என்பதோடு, முன்னாடியே ஃபோட்டோ எடுத்து வையுங்கள். அதைப் பதியாவிட்டால் ஐடிலிங் நடுங்கலாம், புகை வரலாம். வீட்டில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் எடுத்துப் போங்கள். ஒன்றை மறந்தால் அதற்கு மட்டும் தனியாக ஒரு அலைச்சல்.

செலவு: இன்ஸ்பெக்‌ஷன் 1,200, எலெக்ட்ரீஷியனுக்கு 3,500, போர்டு ரிப்பேர் முயற்சிக்கு 2,000, பழைய ஈசிஎம் 9,500, க்ளோனிங் 6,000. மொத்தம் 22,200. டோ வண்டிச் செலவு தனி. சர்வீஸ் சென்டருக்கு அளவுகளை எல்லாம் எழுதி மெயில் அனுப்பினேன், எதை இன்ஸ்பெக்ட் செய்துவிட்டு 1,200 வாங்கினீர்கள் என்று கேட்டு. முதலில் பதிலே இல்லை. கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவையும் சேர்த்து மறுபடி அனுப்பியதும், மேனேஜர் கூப்பிட்டு அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்தார்.

டேட்டா ஃபைலை ஒரு பென்டிரைவில் கேட்டு வாங்கியிருக்கிறேன். கொடுக்க மாட்டேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், அது உங்கள் வண்டியுடையது. ஐப்பசி மழை முடிந்த பிறகு அண்ணனிடம் போய்க் கப்ளரைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு பின்னிலும் பச்சை இல்லை, ஸ்கேனில் எரர் கோட் எதுவும் இல்லை.